ஏழு வயது மகளுக்கு எண்டோஸ்கோப்பி: கோவை மருத்துவமனை ஒன்றில் எங்கள் அனுபவம்

இரண்டு மாதத்துக்கு முன் என் மகளுக்குக் கோவையில் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை (ஸ்கோப்) விட்டு உள்ளே பார்க்கும் சோதனை, எடுத்தோம். குழந்தைகளுக்கென்று தனியாக இரைப்பை, குடல் பிரிவு வைத்திருக்கிற ஒரு தனியார் மருத்துவமனை. பெயரை எழுதவில்லை, ஏனென்றால் சில குறைகளையும் சொல்லப் போகிறேன், அவை அந்த ஒரு இடத்தில் மட்டும் நடப்பவை என்று எனக்குத் தோன்றவில்லை. எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாகத் தேடினேன். பெரியவர்கள் தங்களுக்கு எடுத்ததைப் பற்றி எழுதியதுதான் கிடைத்தது, குழந்தைக்கு எடுத்த அம்மாக்கள் தமிழில் எழுதியது எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கதை. பாப்பா ஒருநாளும் "நெஞ்சு எரியுது" என்று சொன்னதில்லை. வயிறு வலிக்கிறது என்பாள், எங்கே என்று கேட்டால் தொப்புளுக்கு மேலே கையை வைப்பாள். சில நாள் "வாய்க்குள்ள புளிச்ச தண்ணி வருதும்மா" என்பாள். சோறு ஒரு வாய் வைத்தால் ஒரு மடக்குத் தண்ணீர், இட்லியைக்கூடத் தண்ணீர் இல்லாமல் விழுங்க மாட்டாள், ஒரு சப்பாத்தி சாப்பிட முக்கால் மணி நேரம். அதைப் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன், இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது. படுத்த ஒரு மணி நேரத்தில் இருமல் ஆரம்பித்துவிடும். இருமலுக்கு ஒருவர் வீசிங் என்று சொல்லி நெபுலைசர் வைத்தார், வயிற்று வலிக்கு இன்னொருவர் பூச்சி மருந்து கொடுத்தார், மூன்றாவதாகப் போன இடத்தில் அமிலம் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். என் அத்தை, அதாவது மாமியார், தொக்கம் விழுந்திருக்கும், அதாவது சாப்பிட்டது ஏதோ உள்ளே சிக்கியிருக்கும் என்று பவானி பக்கம் ஒரு பாட்டியிடம் இரண்டு முறை கூட்டிப் போய் எடுத்துவிட்டு வந்தார். பேத்தி சாப்பிடவில்லையே என்கிற தவிப்பு அவருக்கு.

இவ்வளவுக்கும் நடுவில் விஷயத்தைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா, பல் டாக்டர். முன்பல் ஆடுகிறது என்று காட்டப் போனோம். அவர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு மேல்வரிசைப் பற்களின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு அடிக்கடி எதுக்களிக்குதா?" என்று கேட்டார். இனிப்பால் வரும் சொத்தை வேறு மாதிரி இருக்குமாம். இங்கே நாக்குப் பக்கமாக எனாமல் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, வயிற்று அமிலம் வாய் வரைக்கும் வந்து போனால் இப்படித் தேயும் என்றார். எங்கள் பிள்ளையைப் பார்த்த யாரும் அதுவரை எதுக்களிப்பு என்கிற வார்த்தையையே எடுக்கவில்லை.

அடுத்த வாரமே உள்ளூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தோம். வெள்ளைக் கரைசலை அவள் குடித்து முடிப்பதற்குள் நானே அழுதுவிட்டேன். ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல், எதுக்களிப்பு காணப்படவில்லை என்று வந்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம், ராத்திரி அதே இருமல். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தபோதுதான் இனி தள்ளிப்போடக் கூடாது என்று கோவைக்குக் கிளம்பினோம்.

இப்போது அந்த மருத்துவமனைக்கு வருகிறேன்.

முதல் நாள் கன்சல்டேஷனுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். டாக்டர் ஒரு பெண்மணி, குழந்தைகள் இரைப்பை குடல் நிபுணர், எங்களோடு 40 நிமிடம் உட்கார்ந்து பேசினார். முதலில் பாப்பாவிடம்தான் பேசினார். "சாமி, நீ முழுங்கும்போது சோறு எங்கயாச்சும் நின்னுக்குதா?" என்று கேட்டதும் அவள் நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினாள். நான் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. பிறகு தடுப்பூசி அட்டையிலும் பள்ளிக்கூடப் பதிவிலும் இருந்த பழைய எடைகளை எல்லாம் வாங்கி வளர்ச்சிக் கோட்டில் குறித்தார், ஒன்பது மாதமாக எடை ஏறவே இல்லை என்பது புள்ளிகளை வைத்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா, தோல் அரிப்பு, உணவு ஒவ்வாமை உண்டா என்று கேட்டார், என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதில் ஆஸ்துமா இருந்ததைச் சொன்னோம்.

பேரியம் படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எல்லாப் பெற்றோருக்கும் தெரிய வேண்டிய விஷயம். பேரியம் வடிவத்தைக் காட்டுவதற்கு. உணவுக்குழாய் எங்கேயாவது சுருங்கியிருக்கிறதா, இரைப்பையின் ஒரு பகுதி உதரவிதானத்துக்கு மேலே ஏறியிருக்கிறதா, குடல் முறுக்கிக் கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். எதுக்களிப்பு நோயை உறுதி செய்யவோ இல்லையென்று சொல்லவோ அது போதாது. படம் பிடிக்கிற அந்தச் சில நிமிடத்தில் நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கும் கொஞ்சம் மேலே வரலாம், நோயுள்ள குழந்தைக்கு வராமலும் போகலாம். உள்சவ்வில் இருக்கும் மேலோட்டமான புண் அந்தப் படத்தில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. வயிற்று அல்ட்ராசவுண்டும் இதற்கு உதவாது என்றார், எங்களிடம் அதுவும் இரண்டு இருந்தது.

பான்டோப்ரசோலை உடைத்துக் கொடுத்தோம் என்றதும் கொஞ்சம் வருத்தப்பட்டார். அந்த மாத்திரையின் மேல்பூச்சுதான் அது இரைப்பை அமிலத்தில் அழியாமல் குடல் வரை போவதற்குக் காவல், உடைத்தால் மருந்து வேலை செய்யும் முன்பே கெட்டுப்போகும். ஆறு வாரம் கொடுத்தும் கேட்கவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். தொக்கம் எடுத்ததையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன், அத்தையும் பக்கத்தில்தான் இருந்தார். டாக்டர் குரலை உயர்த்தவே இல்லை. "அம்மா, உள்ள புண்ணு இருக்கலாம்னு நினைக்கிறேன், இனிமே வயித்த அமுக்கித் தடவ வேண்டாங்க" என்று அத்தையைப் பார்த்தே சொன்னார். அத்தை சரி என்று தலையாட்டினார், அதற்கப்புறம் அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை.

மருந்தையே சரியான முறையில் கொடுத்துப் பார்க்கலாமே, குழாய் எதற்கு என்று கேட்டேன். நெஞ்செரிச்சலைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பெரிய பிள்ளை, வேறு எந்த அபாய அறிகுறியும் இல்லை என்றால் 4 முதல் 8 வாரம் அமிலம் குறைக்கும் மருந்து கொடுத்துப் பார்ப்பதுதான் வழக்கமாம். எங்கள் பிள்ளைக்கு விழுங்கச் சிரமம், ரத்தசோகை, எடை ஏறாதது மூன்றும் சேர்ந்திருந்தன. இதே அறிகுறிகளோடு இன்னொரு நோயும் வரும் என்று ஒரு தாளில் குழாய் படம் வரைந்து காட்டினார். இயோசினோபிலிக் ஈசோபஜைட்டிஸ் என்று பெயர், ஒவ்வாமையால் உணவுக்குழாய்ச் சுவரில் ஒருவகை வெள்ளையணுக்கள் குவிந்து வீங்குவது. தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்குவது, மணிக்கணக்கில் மெல்லுவது, குடும்பத்தில் ஆஸ்துமா என்பதெல்லாம் அந்தப் பக்கமும் கை காட்டும். ஒன்றுக்கு அமிலத்தைக் குறைக்க வேண்டும், மற்றதற்கு உணவையே மாற்ற வேண்டியிருக்கலாம். இரண்டையும் பிரிக்க ஒரே வழி, உள்ளே பார்த்து, சதைத் துணுக்கு எடுத்து (இதுதான் பயாப்சி), அந்த அணுக்களை நுண்ணோக்கியில் எண்ணுவதுதான். அமில மருந்து உள்ளே இருந்தால் சில நேரம் இந்த அணுக்களும் குறைந்துவிடும், விடை மறைந்துபோகும் என்று மூன்று வாரம் எல்லா அமில மருந்தையும் நிறுத்தச் சொன்னார். அந்த மூன்று வாரம் எங்களுக்குக் கஷ்டமாகத்தான் போனது.

மயக்க மருந்து டாக்டரை முன்னாடியே ஒருநாள் பார்க்க வேண்டும். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, ஆடுகிற பல் இருக்கிறதா என்பது. குழந்தை ஸ்கோப்பைக் கடித்துவிடாமல் இருக்க வாயில் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள், ஆடுகிற பால்பல் அப்போது விழுந்து உள்ளே போய்விடக் கூடாது. பாப்பாவின் முன்பல்லை ஆட்டிப் பார்த்துக் குறித்துக் கொண்டார். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்றார்.

இனி குறை. எங்களுக்குக் காலை 8.30 மணி என்று நேரம் சொல்லி முதல்நாள் ராத்திரி 12 மணியிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது என்று போனில் சொல்லியிருந்தார்கள். ஈரோட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பி 7.45-க்கே போய்விட்டோம். ஒன்பது ஆனது, பத்து ஆனது, குழந்தை தாகத்தில் உதட்டை நக்கிக்கொண்டு என் மடியில் சுருண்டு கிடந்தாள். கேட்டால் "வெயிட் பண்ணுங்க" என்பதைத் தவிர பதில் இல்லை. 10.30-க்குத்தான் ஒரு சிஸ்டர் வந்து, பட்டன் பேட்டரி விழுங்கிய ஒன்றரை வயதுக் குழந்தை வந்திருக்கிறது என்று சொன்னார். அந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையைச் சுட ஆரம்பித்துவிடும், அந்தக் குழந்தையை முதலில் எடுத்ததுதான் நியாயம், அதில் எனக்கு ஒரு துளி மனக்குறையும் இல்லை. ஆனால் ஒன்பது மணிக்கே அதைச் சொல்லியிருக்கலாம். அதைவிட வேதனை, பிறகு மயக்க மருந்து டாக்டர் சொன்னது: திட உணவுக்கும் பாலுக்கும்தான் 6 மணி நேர இடைவெளி, தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை கொடுத்திருக்கலாம். போனில் பேசிய பெண்ணுக்கு அது தெரியவில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஏழு வயதுப் பிள்ளை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்தாள். தயவுசெய்து நீங்கள் போகும்போது அலுவலகத்தில் கேட்காமல் மயக்க மருந்து டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஸ்லாட்டையே கேளுங்கள்.

இன்னொரு குறை, ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலம். துளை விழுதல், ரத்தக்கசிவு எல்லாம் மிக அரிது என்று டாக்டர் வாயால் விளக்கினார், அது சரி. ஆனால் என் வீட்டுக்காரர் புரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார், அவர் செய்தது சரிதான். ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் அடித்து வைக்க என்ன செலவாகும்?

11.40-க்கு உள்ளே கூட்டிப் போனார்கள். கையில் ஊசி போடும் இடத்தில் முன்கூட்டியே மரத்துப்போகும் களிம்பு தடவியிருந்தார்கள், அவள் ஊசிக்கு அழவில்லை. மயக்கம் வரும் வரை நான் பக்கத்திலேயே நின்று கையைப் பிடித்துக்கொள்ள விட்டார்கள், இதற்காக அந்த மருத்துவமனையை எத்தனை முறை வேண்டுமானாலும் பாராட்டுவேன். "பால் மாதிரி மருந்து வருது பாரு, பத்து எண்ணு" என்றார்கள், நாலு எண்ணினாள், தூங்கிவிட்டாள். ஸ்கோப்பை எனக்குக் காட்டினார்கள், பெரியவர்களுக்கான குழாயைவிட நல்ல மெல்லிசு, என் சுண்டுவிரலில் பாதிகூட வராது. வெளியே போய் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள்.

டாக்டர் படங்களைக் காட்டினார். உணவுக்குழாயின் அடிப்பக்கம், இரைப்பையோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு சிவந்த கீறல்கள், மேலே வெள்ளைப் படலம். லாஸ் ஏஞ்சலஸ் என்று ஒரு வகைப்பாடு, ஏ முதல் டி வரை நான்கு நிலை, நீளம் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்கு இணையாமல் இருந்தால் பி. எங்களுக்கு பி. அந்தப் படத்தைப் பார்த்ததும், ஒவ்வொரு வாய்க்கும் அவள் தண்ணீர் கேட்டது கண்முன் வந்தது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான். புண் கண்ணுக்குத் தெரிகிறதே, அதோடு விட்டிருக்கலாம். அவர் அடிப்பகுதி, நடுப்பகுதி, மேல்பகுதி என்று உணவுக்குழாயில் மட்டும் ஆறு துணுக்குகள், அப்புறம் இரைப்பையிலும் சிறுகுடல் தொடக்கத்திலும் சிலது, எல்லாம் அரிசி நொய்யைவிடச் சிறியவை, தனித்தனிக் குப்பியில் போட்டு அனுப்பினார். நல்லாத் தெரிகிற இடத்திலும் ஏன் என்று கேட்டேன். பார்க்க வழவழவென்று இருக்கும் குழாயிலும் ஒவ்வாமை அணுக்கள் நிறைந்திருக்கலாம், ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது, கண்ணை மட்டும் நம்பினால் தவறிவிடும் என்றார். இரைப்பைத் துணுக்கு ஹெச். பைலோரி கிருமிக்காக, சிறுகுடல் துணுக்கு கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்காக, ரத்தசோகை இருப்பதால் இரண்டையும் ஒரே மயக்கத்தில் பார்த்துவிடுவது நல்லது. எங்கேயாவது "பயாப்சி தேவையில்லை, பார்த்தாலே தெரியும்" என்று குழந்தைக்கு ஸ்கோப் எடுத்தால், ஏன் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். பிள்ளையை மயக்கி உள்ளே போன பிறகு அதை எடுக்காமல் வருவது பாதி வேலைதான்.

ஆறாம் நாள் ரிப்போர்ட். நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் 15 அல்லது அதற்கு மேல் இயோசினோபில் இருந்தால் ஒவ்வாமை நோயைச் சந்தேகிப்பார்கள். எங்களுக்கு அடிப்பகுதியில் அதிகபட்சம் 4, நடுவிலும் மேலேயும் இல்லை. சவ்வின் அடியடுக்கு தடித்திருந்தது, அமிலம் பட்டுப் பட்டு ஆறும்போது அப்படி ஆகுமாம். கிருமி இல்லை, சீலியாக் இல்லை. ஆக, எதுக்களிப்பால் வந்த புண். இந்த ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்பிவிட்டு மூன்று நாள் கழித்துத்தான் டாக்டரைப் பார்க்க நேரம் கொடுத்தார்கள். அடியடுக்கு தடித்ததற்கு அதில் போட்டிருந்த ஹைப்பர்பிளாசியா என்கிற வார்த்தையைப் பார்த்து நான் கேன்சரா என்று பயந்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை. பயாப்சி என்றாலே நம் ஊரில் அந்தப் பயம் வரும், மருத்துவமனைக்கு அது தெரியாமல் இருக்காது. மெயிலோடு இரண்டு வரி எழுதியிருக்கலாம், அல்லது ஒரு போன்.

வார்டில் பக்கத்துப் படுக்கையில் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு 24 மணி நேர பிஹெச் சோதனை நடந்துகொண்டிருந்தது. மூக்கு வழியாக நூல் மாதிரி ஒரு கம்பி, இடுப்பில் சின்னப் பெட்டி. எக்ஸ்ரே எடுத்து நுனி சரியான உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துக் கொண்டார்கள். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் இருமும்போதும் பட்டனை அமுக்க வேண்டும், அவன் அம்மா நோட்டில் மணி எழுதிக்கொண்டே இருந்தார். பிஹெச் 4-க்குக் கீழே, அதாவது உணவுக்குழாயில் அமிலம் ஏறி, எவ்வளவு நேரம் போகிறது என்பதை அது பதியும், கூடவே இருக்கும் இம்பீடன்ஸ் பகுதி அமிலமில்லாமல் மேலே வருவதையும் பிடிக்கும். அது எங்களுக்கும் வேண்டுமா என்று கேட்டேன். புண் கண்ணால் பார்த்து, பயாப்சியும் உறுதி செய்த பிறகு இப்போது அதனால் புதிதாக எதுவும் தெரியப் போவதில்லை, புண் இல்லாமல் அறிகுறி மட்டும் இருந்து, இருமலுக்குக் காரணம் இதுதானா என்று தெரியாத பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம் உதவும் என்று டாக்டர் சொன்னார். பணம் வாங்கக் கிடைத்த வாய்ப்பை வேண்டாம் என்று சொன்ன இடம் என்பதால் எனக்கு மரியாதை கூடியது.

பில் 26,400 ரூபாய். பேக்கேஜ் 19,000 என்றுதான் சொன்னார்கள், பயாப்சிக்குத் தனி என்று கடைசியில்தான் தெரிந்தது. முன்பே "பயாப்சி, மயக்க மருந்து, படுக்கை எல்லாம் சேர்த்தா?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். காப்பீட்டிலும் ஒன்றும் வரவில்லை, பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தால் கிடையாது என்கிற விதி பாலிசிகளில் இருக்கிறது. செலவு முடியாதவர்களுக்குச் சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, அங்கும் குழந்தைகள் இரைப்பை குடல் பிரிவு தனியாக உண்டு.

என் தங்கச்சி இதைக் கேட்டுவிட்டு ஐந்து மாதக் கைக்குழந்தைக்கும் ஸ்கோப் எடுக்கணுமா என்று பயந்து போனாள், பால் குடித்ததும் கக்குகிறான். நான் ரிவ்யூவில் டாக்டரிடம் கேட்டேன். எடை ஏறி, சிரித்து விளையாடுகிற குழந்தை கக்குவது சாதாரணம், நான்கு மாத வாக்கில் அதிகமாக இருக்கும், ஒன்று, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும், சோதனையும் வேண்டாம் மருந்தும் வேண்டாம். பச்சையாக வாந்தி, ரத்தம், பீச்சியடிக்கிற வாந்தி, எடை இறங்குவது, பால் குடிக்கவே மறுத்து அழுவது, இப்படி ஏதாவது இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

இப்போது ஓமிப்ரசோல், காலை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், கேப்சூலுக்குள் இருக்கும் குருணையை மெல்லாமல் விழுங்க வைக்க ஒரு ஸ்பூன் ஆப்பிள் கூழில் கலந்து கொடுக்கிறேன். கூடவே இரும்புச்சத்து டானிக். மூன்று மாதம் என்று சொல்லியிருக்கிறார், நீண்ட நாள் தேவையில்லாமல் கொடுத்தால் வயிற்றுத் தொற்றும் சளித் தொற்றும் கூடலாம் என்பதால் முடிந்ததும் நிறுத்திப் பார்ப்பார்கள். ஏழு வாரம் ஆகிறது. இருமல் முழுக்கப் போகவில்லை, வாரத்தில் இரண்டு ராத்திரி வருகிறது. எடை 900 கிராம் ஏறியிருக்கிறது. போன ஞாயிறு அத்தை சுட்ட தோசையைத் தண்ணீர் டம்ளரைத் தொடாமல் இரண்டு சாப்பிட்டாள், அத்தை என்னைப் பார்த்தார், நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. மறுபடி ஸ்கோப் வேண்டுமா என்பது அடுத்த ரிவ்யூவில் தெரியும், தெரிந்ததும் இதற்குக் கீழேயே எழுதுகிறேன்.